விடுபட்ட எழுவாய்: ஒரு குற்றவியல் சட்டப் பேராசிரியரின் வாழ்க்கைக்குறிப்பு

ஜெர்மானியச் சட்ட அறிஞர்களைப் பற்றிய கையேடுகளில் கெயோர்க் டாம் என்பவரின் வாழ்க்கைக்குறிப்பு ஏறத்தாழ இவ்வாறு அமையும்: 1904இல் பிறந்தார். ஹைடெல்பெர்கில் பேராசிரியராகும் தகுதி பெற்றார். 1933இல் கீல் பல்கலைக்கழகத்திற்கு அழைக்கப்பட்டார். 1935 முதல் 1937 வரை அதன் தலைவராக இருந்தார். பின்னர் லைப்சிக், 1941இல் ஸ்ட்ராஸ்பூர்க். போருக்குப் பின் டாக்கா. 1950களின் நடுவில் மீண்டும் கீல், இம்முறை பன்னாட்டுச் சட்டத் துறையில். 1963இல் காலமானார்.

வாசிப்பவருக்கு இது ஊர் ஊராகச் சென்று கற்பித்த ஓர் அறிஞரின் பயணமாகத் தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்பதற்காகவே இந்த நடை உருவாக்கப்பட்டிருக்கிறது. ஜெர்மானியக் கல்வியுலகில் பேராசிரியர் பதவிக்கு எவரும் விண்ணப்பித்து அமர்வதாகச் சொல்லும் வழக்கமில்லை. ‘அழைப்பு’ வரும், அதை ஏற்பார். செயப்பாட்டுவினையின் வசதி இது. அழைத்தவர் யார், அழைப்பதற்கு இடம் எப்படிக் காலியானது, அழைக்கப்பட்டவர் அதற்கு முன்பும் பின்பும் என்ன எழுதினார் என்ற மூன்று கேள்விகளும் வாக்கியத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன. ஒரு பேராசிரியரின் கல்விப்பணியை அவருடைய அரசியலிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும் என்று இன்றும் வாதிடுவோர், பெரும்பாலும் இத்தகைய குறிப்புகளைத்தான் வாசித்திருக்கிறார்கள். டாமின் வாழ்வில் பிரிப்பதற்கு இரண்டு பொருள்கள் இல்லை. அவருடைய கல்விப்பணியே அவருடைய அரசியல்.

1933இலிருந்து தொடங்கலாம். அவ்வாண்டு ஏப்ரல் 7 அன்று ‘தொழில்முறை அரசுப்பணி மீட்புச் சட்டம்’ என்ற பெயரில் ஒரு சட்டம் வந்தது. யூதர்களையும், புதிய அரசுக்கு விசுவாசமாக இருப்பார்கள் என்று நம்ப இடமில்லாதவர்களையும் பணியிலிருந்து நீக்குவதே அதன் வேலை. ‘மீட்பு’ என்பது அதற்கு இட்ட பெயர். அச்சட்டத்தால் ஹைடெல்பெர்கில் நீக்கப்பட்டவர் குஸ்டாவ் ராட்புருக். குற்றவியல் சட்டப் பேராசிரியர். சமூக ஜனநாயகக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். 1921 முதல் 1923 வரையிலான காலத்தில் இருமுறை நீதி அமைச்சர். பெண்கள் நீதிபதியாகவும் வழக்கறிஞராகவும் ஆவதற்கு 1922இல் வழி திறந்தவரும், மரண தண்டனை இல்லாத குற்றவியல் சட்ட வரைவை அதே ஆண்டில் ஆயத்தம் செய்தவரும் அவரே. கீல் பல்கலைக்கழகத்தில் ராட்புருக்குக்குப் பின் அவர் இடத்துக்கு வந்திருந்த ஹெர்மன் கான்டொரோவிச்சும் 1933இல் நீக்கப்பட்டார். அவர் நாட்டைவிட்டு வெளியேறி 1940இல் கேம்பிரிட்ஜில் இறந்தார்.

கெயோர்க் டாம் ராட்புருக்கின் மாணவர். ஆசிரியர் தெருவுக்குத் தள்ளப்பட்ட அதே ஆண்டில் மாணவருக்கு அழைப்பு வந்தது, ஆசிரியர் முன்பு பணியாற்றிய அதே கீல் புலத்துக்கு. அதே ஆண்டில் அவர் கட்சியிலும் சேர்ந்தார். யூதப் பேராசிரியர்களும் குடியரசு ஆதரவாளர்களும் அகற்றப்பட்ட பிறகு, கீல் சட்டப்புலம் இளைஞர்களால் நிரப்பப்பட்டது. டாம், ஃபிரீட்ரிக் ஷாஃப்ஸ்டைன், கார்ல் லாரென்ஸ், எர்ன்ஸ்ட் ருடோல்ஃப் ஹூபர் முதலியோர் அனைவரும் முப்பதை ஒட்டிய வயதினர். அந்தப் புலத்துக்கு ‘தாக்குதல் படைப் புலம்’ என்று பெயர் வழங்கியது. எதிரிகள் இட்ட வசைப்பெயர் அன்று. உள்ளிருந்தவர்கள் பெருமையோடு சூடிக்கொண்ட பெயர்.

டாமும் ஷாஃப்ஸ்டைனும் சேர்ந்து 1933இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார்கள். தாராளவாதக் குற்றவியல் சட்டமா, அதிகாரவாதக் குற்றவியல் சட்டமா என்பது அதன் தலைப்பிலேயே இருந்த கேள்வி. விடை ஒளிவுமறைவின்றிச் சொல்லப்பட்டது. தனிமனிதரை அரசிடமிருந்து காப்பது குற்றவியல் சட்டத்தின் பணி அன்று. தண்டனையில் அரசின் மாட்சி அனைவர் கண்முன்னும் வெளிப்பட வேண்டும். ராட்புருக்கும் அவருடைய ஆசிரியர் ஃபிரான்ஸ் ஃபான் லிஸ்ட்டும் இரண்டு தலைமுறைகளாக உழைத்து உருவாக்கிய சீர்திருத்த மரபை எதிரியாக நிறுத்தியே அந்நூல் எழுதப்பட்டது. யாரும் மிரட்டி எழுதவைக்கவில்லை. ஆசிரியரின் கருத்தை மறுக்க எந்த மாணவருக்கும் உரிமை உண்டு. ஆனால் ஆசிரியர் பதில் சொல்ல முடியாதபடி வாயடைக்கப்பட்டிருக்கும்போது எழுதப்படும் மறுப்பைக் கல்விசார் விவாதம் என்று அழைக்க இயலாது.

இந்தத் தாக்குதலின் இலக்கு எது என்பதை விளங்கிக்கொள்ள, ஃபோயர்பாக் என்ற பெயரை நினைவுகூர வேண்டும். ‘சட்டமின்றிக் குற்றமில்லை, சட்டமின்றித் தண்டனையில்லை’ என்ற நெறிக்கு 1801இல் தம் பாடநூலில் செவ்விய வடிவம் தந்தவர் அவர். நவீன உலகின் குற்றவியல் சட்டங்கள் எல்லாம் இந்த ஒற்றைத் தூணின்மேல்தான் நிற்கின்றன. இந்திய அரசமைப்பின் 20(1)ஆம் உறுப்பு சொல்வதும் அதுதான். ஃபோயர்பாக் 1802 முதல் சிலகாலம் கற்பித்த இடம் கீல் பல்கலைக்கழகம். பதவி பறிக்கப்பட்ட ராட்புருக், ஜெர்மனியில் பேச முடியாத நிலையில், 1934இல் வியன்னாவில் ஒரு நூலை வெளியிட்டார். அது ஃபோயர்பாக்கின் வாழ்க்கை வரலாறு. ஆசிரியர் ஃபோயர்பாக்கை எழுதிக்கொண்டிருந்தபோது, மாணவர் ஃபோயர்பாக்கின் பல்கலைக்கழகத்திலேயே அமர்ந்து அவருடைய நெறியைத் தகர்த்துக்கொண்டிருந்தார்.

தகர்ப்பு ஏட்டளவில் நிற்கவில்லை. நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த பிறகு, 1933 மார்ச் 29 அன்று, அதற்கு முன்பே நடந்த செயலுக்கும் மரண தண்டனை விதிக்கலாம் என்று பின்னோக்கிப் பாயும் சட்டம் வந்தது. மரினஸ் ஃபான் டெர் லூபெ 1934 ஜனவரியில் தலை வெட்டப்பட்டார். 1935 ஜூன் 28 அன்று குற்றவியல் சட்டத் தொகுப்பின் 2ஆம் பிரிவே மாற்றி எழுதப்பட்டது. சட்டத்தில் நேரடியாகக் குற்றமெனச் சொல்லப்படாத செயலும், ஏதேனும் ஒரு சட்டத்தின் அடிப்படைக் கருத்துக்கும் ‘நலமிக்க மக்கள் உணர்வு’க்கும் ஏற்பத் தண்டிக்கத் தக்கதாயின் தண்டிக்கப்படலாம் என்றாயிற்று. குற்றவியல் சட்டத்தை முழுமையாகத் திருத்தி எழுத நீதி அமைச்சகம் அமைத்த ஆணையத்தில் பேராசிரியர்களும் இருந்தார்கள். மூனிக்கின் எட்முண்ட் மெட்ஸ்கர் அவர்களுள் ஒருவர், டாம் மற்றொருவர்.

டாமின் தனிப்பங்களிப்பு இதைவிட ஆழமானது. அதைத் தமிழ் இலக்கணத்தின் துணைகொண்டு விளக்குவது எளிது. ‘திருடியவன்’, ‘திருடன்’ என்ற இரு சொற்களும் ஒன்றுபோலத் தோன்றும். முதற்சொல் வினையாலணையும் பெயர். அது காலம் காட்டும். ஒரு நாள், ஓரிடத்தில், ஒரு பொருளை எடுத்தான் என்ற நிகழ்ச்சி அச்சொல்லுக்குள் இருக்கிறது. நிகழ்ச்சி இருப்பதால் அதற்குச் சான்று கேட்கலாம், சான்று இல்லையெனில் மறுக்கலாம். இரண்டாம் சொல்லில் காலம் இல்லை. அது ஒருவன் செய்ததைச் சொல்லவில்லை. அவன் இன்னான் என்று சொல்கிறது. திருடாத நேரத்திலும் அவன் திருடன்தான். தமிழில் வழக்குத் தொடுப்பவர் ‘திருடியவன்’ என்பதை நிறுவ வேண்டும். ஊர்ப்பழி கூறுபவருக்குத் ‘திருடன்’ என்ற சொல் போதும்.

தாராளவாதக் குற்றவியல் சட்டம் முழுவதும் வினையாலணையும் பெயர்களால் ஆனது. பிறருக்குரிய பொருளைக் கவர்பவர், மற்றொருவரைக் கொல்பவர் என்று அது செயலைச் சொல்லித் தண்டனையைச் சொல்லும். டாம் 1935இல் இந்த அமைப்பையே எதிர்த்தார். குற்றத்தைச் சட்டம் வரையறுக்கும் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் நிறைவேறியதா என்று பார்க்கும் முறை உயிரற்றது என்றார். பிறர் பொருளை எடுத்த எல்லாரும் திருடர் ஆகிவிடமாட்டார். தம் இயல்பால் திருடராய் இருப்பவரே திருடர் என்பது அவர் வாதத்தின் சாரம். அந்த இயல்பை யார் காண்பது? மக்கள் சமூகத்தின் உணர்வில் ஊறிய நீதிபதி காண்பார். எதைக் கொண்டு காண்பார்? சமூகத்தின் உறுப்பினரா, அதற்குத் துரோகம் செய்தவரா என்ற பார்வையைக் கொண்டு. 1940இல் ‘குற்றவியல் சட்டத்தில் குற்றவாளி வகை’ என்ற பொருளில் தனிநூலே எழுதினார். பெயர்ச்சொல்லை வினைக்கு மேலாக அமர்த்திய இக்கோட்பாட்டை அக்காலத்துச் சட்ட ஏடுகள் முன்னேறிய ஆராய்ச்சியாக விவாதித்தன.

நீதிமன்றத்தில் அது எப்படி இயங்கியது என்பதற்கு ஒரு வழக்கு போதும். லியோ காட்சன்பெர்கர் நூரம்பர்க் நகரின் காலணி வணிகர். அங்கிருந்த யூதச் சமூகத்தின் தலைவர். ஆரிய இனத்தவரென வகைப்படுத்தப்பட்ட ஓர் இளம்பெண்ணோடு உறவு வைத்திருந்தார் என்று குற்றம் சாட்டப்பட்டது. இருவரும் மறுத்தார்கள். 1935ஆம் ஆண்டின் இனச்சட்டப்படி, குற்றம் நிறுவப்பட்டாலும் மரண தண்டனை இல்லை, சிறைதான். நீதிபதி ஓஸ்வால்ட் ரோட்ஹௌக் அதில் நிறைவடையவில்லை. 1939 செப்டம்பரில் வந்த ‘மக்களுக்குத் தீங்கிழைக்கும் புழுக்கள்’ குறித்த அவசர ஆணையை எடுத்தார். அந்த ஆணையின் பெயரிலேயே செயல் இல்லை, வகைதான் இருக்கிறது. போர்க்கால விளக்கணைப்பைப் பயன்படுத்திக்கொண்டார் என்ற சாக்கில், 68 வயது முதியவர் அந்த வகைக்குள் தள்ளப்பட்டார். 1942 மார்ச்சில் தீர்ப்பு; ஜூனில் தலை வெட்டப்பட்டது. சட்டத்தின் எழுத்து மட்டும் இருந்திருந்தால் அவர் கொல்லப்பட்டிருக்க முடியாது. எழுத்துக்கு அப்பால் ‘இயல்பை’ நோக்கும் பார்வை அவரைக் கொன்றது. அந்தத் தீர்ப்பை டாம் எழுதவில்லை. ஆனால் அத்தகைய தீர்ப்பை எழுதும் கைக்கு, தான் செய்வது உயர்ந்த சட்டமுறை என்ற நம்பிக்கையை அவரும் அவருடைய தோழர்களும் வழங்கினார்கள்.

இவ்விடத்தில் டாமின் ஆதரவாளர்கள் ஒரு மறுப்பை முன்வைப்பதுண்டு. ‘குற்றவாளி வகை’க் கோட்பாடு கொடுஞ்சட்டங்களைச் சுருக்கவே உதவியது, கூறுகள் பொருந்தினாலும் ‘இவன் அந்த வகையினன் அல்லன்’ என்று சொல்லிச் சிறு குற்றம் செய்தோரை மரணத்திலிருந்து காப்பாற்ற நீதிபதிகளுக்கு அது வழி தந்தது என்பார்கள். இதில் பாதி உண்மை. அப்படித் தப்பியவர்கள் இருந்தார்கள். ஆனால் யார் தப்பினார்கள் என்று கேட்க வேண்டும். குண்டுவீச்சில் இடிந்த வீட்டிலிருந்து ஒரு சிறுபொருளை எடுத்த, முன்குற்றம் இல்லாத, போர்முனையில் மகன் இருக்கும் ஜெர்மானியர் ‘வகை’க்கு வெளியே நின்றார். அதையே போலந்துத் தொழிலாளி ஒருவர் செய்தால் வகைக்குள் விழுந்தார். ஒரே செயல், இரண்டு விதி. வாயிற்காப்போன் தனக்கு வேண்டியவர்களை விட்டுவிடுகிறான் என்பது கதவின் நியாயத்துக்குச் சான்றாகாது. சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்ற நிலையை அழித்ததே இக்கோட்பாட்டின் வெற்றி; அதையே இரக்கம் என்று பெயர்மாற்றுவது ஏற்கத் தக்கதன்று.

இரண்டாம் மறுப்பு இன்னும் பரவலானது. இந்தியச் சட்டக் கல்லூரிகளிலும் சட்டக்கோட்பாட்டுப் பாடமாக நடத்தப்படுவது. ஜெர்மானிய நீதிபதிகளும் பேராசிரியர்களும் ‘சட்டம் சட்டமே’ என்ற நேர்க்காட்சிவாதத்தில் பயின்றவர்கள். ஆகவே கொடிய சட்டங்கள் வந்தபோது எதிர்க்கும் கருவி அவர்களிடம் இல்லை என்பது அந்தப் பாடம். இதைச் சொன்னவர் சாதாரணமானவர் அல்லர், ராட்புருக்கேதான். 1945இல் மீண்டும் பதவியேற்ற அவர் 1946இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், நேர்க்காட்சிவாதமே சட்டத்துறையினரைக் கையறு நிலைக்குத் தள்ளியது என்றார். நீதியோடு தாங்க முடியாத அளவுக்கு முரண்படும் சட்டம் சட்டமாகாது என்ற அவருடைய சூத்திரம் அக்கட்டுரையிலிருந்து பிறந்தது. பின்னாளில் பெர்லின் சுவரில் தப்பியோடியோரைச் சுட்ட காவலர்களின் வழக்குகள் வரை அந்தச் சூத்திரம் பயன்பட்டது. சூத்திரத்தின் மதிப்பில் குறையில்லை. வரலாற்று விளக்கம்தான் தவறு.

டாமின் வாழ்வு அந்த விளக்கத்தைப் பொய்யாக்குகிறது. அவர் ‘சட்டம் சட்டமே’ என்று சொன்னவர் அல்லர். சட்டத்தின் எழுத்தைத் தாண்டிச் செல்ல வேண்டும், சட்டத்துக்கு மேலான சமூக ஒழுங்கைக் கேட்க வேண்டும் என்று ஓயாமல் எழுதியவர். எழுத்தில் கட்டுண்டு கிடப்பதைத் தாராளவாத நோய் என்று இகழ்ந்தவர்களே கீல் புலத்தினர். 1935ஆம் ஆண்டுத் திருத்தம் நீதிபதியை எழுத்துக்குக் கட்டவில்லை, எழுத்திலிருந்து அவிழ்த்துவிட்டது. காட்சன்பெர்கரைக் கொன்றது சட்டத்துக்குக் கீழ்ப்படிந்த நீதிபதி அல்லர். சட்டத்தை நீட்டிய நீதிபதி. பாதிக்கப்பட்ட ஒருவரே பெருந்தன்மையோடு எழுதித் தந்த விளக்கத்தை, குற்றம் புரிந்தவர்கள் விடுதலைச் சான்றிதழாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். ‘நாங்கள் சட்டத்தைப் பின்பற்றினோம், அவ்வளவே’ என்று சொல்லிக்கொள்ள அது வழி செய்தது. அச்சான்றிதழை எழுதியவரின் சொந்த மாணவரே அதற்கு எதிரான முதற்சான்றாக நின்றார் என்பதை எந்தப் பாடநூலும் வகுப்பில் சொல்வதில்லை.

மூன்றாம் மறுப்பு பழகிப்போன ஒன்று: அவர் காலத்தின் பிள்ளை. காலம் ஒரு பிள்ளையை மட்டும் பெறவில்லை. அதே காலத்தின் பிள்ளைகள்தாம் ராட்புருக்கும் கான்டொரோவிச்சும். பான் நகரில் குற்றவியல் சட்டம் கற்பித்த மாக்ஸ் குரூன்ஹூட் பதவி இழந்து ஆக்ஸ்ஃபோர்டில் வாழ்வைத் தொடர்ந்தார். பெர்லினில் கற்பித்த ஹெர்மன் மான்ஹைம் லண்டன் சென்று குற்றவியலாய்வை அங்கே வளர்த்தார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பேரறிஞர் ஜேம்ஸ் கோல்ட்ஷ்மிட் 1940இல் உருகுவேயின் மான்டவிடியோவில் இறந்தார். இவர்கள் யூதப் பிறப்பினர், ஆகவே அவர்களுக்குத் தேர்வு இல்லை என்பார்கள். ராட்புருக் யூதர் அல்லர். அவருக்குத் தேர்வு இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் வகுப்பறை இல்லாமல் வாழ்ந்தார்; மகளைப் பனிச்சரிவில் இழந்தார்; மகனை ஸ்டாலின்கிராடில் இழந்தார். டாமுக்கும் தேர்வு இருந்தது. அவர் பல்கலைக்கழகத் தலைவரானார்.

1941இல் அவர் சென்ற ஸ்ட்ராஸ்பூர்க் சாதாரணப் பல்கலைக்கழகம் அன்று. பிரான்சிடமிருந்து பறித்த அல்சாஸ் பகுதியில், கைப்பற்றிய மண்ணை ஜெர்மானியமாக்கும் நோக்கத்தோடு தொடங்கப்பட்ட நிறுவனம் அது. அதன் மருத்துவப் புலத்தில் ஆகஸ்ட் ஹிர்ட் எலும்புக்கூட்டுத் தொகுப்பு ஒன்று செய்யத் திட்டமிட்டார். அதற்காக 1943இல் 86 யூதர்கள் நாட்ஸ்வைலர் முகாமில் கொல்லப்பட்டு உடல்கள் அங்கே கொண்டுவரப்பட்டன. அதே பல்கலைக்கழகத்தின் சட்டப்புலத்தில் டாமும் ஷாஃப்ஸ்டைனும் ஹூபரும் இருந்தார்கள். மருத்துவப் புலத்தின் குற்றத்தைச் சட்டப்புலத்தின்மேல் சுமத்துவது நியாயமன்று. ஆனால் வாழ்க்கைக்குறிப்பில் ‘1941, ஸ்ட்ராஸ்பூர்க்’ என்று ஓர் ஊர்ப்பெயரோடு கடந்துபோவதும் நியாயமன்று.

அடுத்து வருவது டாக்கா. ஜெர்மானியக் குறிப்புகளில் இச்சொல் விநோதமான ஓர் இடைவேளையாக நிற்கும். தெற்காசிய வாசகருக்கு அது அப்படி நிற்க முடியாது. நாஜிக் குற்றவியல் சட்டக் கோட்பாட்டின் முன்னணி ஆசிரியர், தாய்நாட்டில் உடனே பதவி கிட்டாத நிலையில், 1950களின் முற்பகுதியில் கிழக்கு பாகிஸ்தானின் மாணவர்களுக்குச் சட்டம் கற்பித்தார். புதிதாக விடுதலை பெற்ற நாடு ஐரோப்பியப் பேராசிரியரை மதிப்போடு ஏற்றது. அவர் எதை எழுதிவிட்டு வந்தார் என்று கேட்கும் நிலையில் அது இல்லை. அந்த டாக்கா பல்கலைக்கழகத்தின் மாணவர்கள்தாம் 1952 பிப்ரவரி 21 அன்று தடையுத்தரவை மீறித் தாய்மொழிக்காகத் தெருவில் இறங்கிச் சுடப்பட்டார்கள். மக்களைச் சமூகத்தின் உறுப்பினர் என்றும் துரோகி என்றும் இரண்டாகப் பிரிக்கும் சொற்களஞ்சியம் அந்த நாட்களில் கராச்சியின் ஆட்சியாளர்களிடமும் தாராளமாக இருந்தது. அத்தகைய சொற்களஞ்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தம் சொந்த நூல்களைக் காட்டி விளக்கக்கூடிய ஆசிரியர் ஒருவர் அந்தப் பத்தாண்டில் அந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்தார் என்பதே கசப்பானது.

பின்னர் திரும்பினார். 1951இல் மேற்கு ஜெர்மனி இயற்றிய ஒரு சட்டம், போருக்குப் பின் பணியிழந்த பழைய அரசு ஊழியர்களில் பெரும்பாலோருக்கு மீண்டும் கதவைத் திறந்தது. மெட்ஸ்கர் அதற்கு முன்பே மூனிக்கில் தம் இடத்துக்குத் திரும்பிவிட்டார். புதிய குடியரசு குற்றவியல் சட்டத்தைச் சீர்திருத்த அமைத்த பெரிய ஆணையத்திலும் இடம்பெற்றார். ஷாஃப்ஸ்டைன் கோட்டிங்கனில் இளையோர் குற்றவியல் சட்டத்தின் அறிஞரானார். லாரென்ஸின் சட்ட முறையியல் நூல் 1960இலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பாடமானது. டாம் கீலுக்கே சென்றார். 1944இல் ‘ஜெர்மானியச் சட்டம்’ என்ற தலைப்பில் அவர் எழுதிய அறிமுக நூல் 1951இல் அதே தலைப்பில் திருத்தப்பட்டு வந்தது. தலைப்பை மாற்றவேண்டிய தேவைகூட எழவில்லை. நாட்டைவிட்டு விரட்டப்பட்டவர்களில் மிகச் சிலருக்கே இத்தகைய அழைப்பு வந்தது. 1933இல் காலியான நாற்காலிகள் 1945க்குப் பிறகு அவற்றின் உரியவர்களைத் தேடிச் செல்லவில்லை. அவற்றில் அமர்ந்திருந்தவர்களையே தேடிச் சென்றன.

இது முடிந்துபோன கதை என்று சொல்வோர் ஜெர்மானியக் குற்றவியல் சட்டத்தின் 211ஆம் பிரிவை வாசிக்க வேண்டும். 1871ஆம் ஆண்டுத் தொகுப்பில் அது செயலைச் சொல்லும் வாக்கியம்: முன்யோசனையோடு கொல்பவர் கொலைக்காகத் தண்டிக்கப்படுவார். 1941 செப்டம்பர் 4ஆம் நாள் சட்டம் அதை மாற்றியது; நீதி அமைச்சகச் செயலர் ரோலான்ட் ஃபிரைஸ்லரின் முத்திரை அதில் உண்டு. மறு ஆண்டே மக்கள் நீதிமன்றத்தின் தலைவராகி ஆயிரக்கணக்கானோரைச் சாவுக்கு அனுப்பிய அதே ஃபிரைஸ்லர். அன்றிலிருந்து அப்பிரிவு, ‘கொலைகாரன்’ யார் என்று வரையறுக்கிறது. மற்ற பிரிவுகள் செய்பவரைச் சொல்லும்போது, இது இருப்பவரைச் சொல்கிறது. இழிந்த உள்நோக்கம் போன்ற அடையாளங்கள் பழைய சுவிஸ் வரைவு ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டவை என்று சட்ட வரலாற்றாளர்கள் சுட்டுவது சரியே. ஆனால் அந்த அடையாளங்களை ஒரு மனித வகையின் பெயருக்குக் கீழே அடுக்கியது 1941இன் வேலை. 2014இல் நீதி அமைச்சர் ஹைக்கோ மாஸ் இதைத் திருத்த வல்லுநர் குழு அமைத்தார். குழு அறிக்கையும் தந்தது. பிரிவின் சொல்லமைப்பு நின்றுவிட்டது. 2021இல் ஒரு பெரிய சட்டப் பதிப்பகம், நாஜிச் சட்டவாதியான பாலண்டின் பெயரைத் தன் புகழ்பெற்ற உரைநூலின் அட்டையிலிருந்து நீக்கியது. அட்டையை மாற்ற எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வாக்கியத்தை மாற்ற இன்னும் எத்தனை ஆண்டுகளோ.

இந்திய வாசகர் இதைத் தொலைதூரத்து வம்பாகக் கருதிவிட இயலாது. ஜெர்மானியத் தொகுப்பு செயலைத் தண்டித்த அதே 1871ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் இந்திய அரசு குற்றப் பழங்குடியினர் சட்டத்தை இயற்றியது. அதில் செயல் என்று எதுவுமே இல்லை. பிறப்பு மட்டுமே இருந்தது. ஒரு சமூகத்தில் பிறந்தவர் காவல்நிலையத்தில் பெயர் பதிந்து, நடமாட்டத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். 1952இல் அச்சட்டம் நீங்கியது. அம்மக்கள் சீர்மரபினர் எனப்பட்டனர். ஆனால் மாநிலங்கள்தோறும் ‘பழக்கக் குற்றவாளி’ சட்டங்கள் அந்த இடத்தை நிரப்பின. சிறைவிதிகளில் சாதிப் பாகுபாட்டை நீக்கச் சொல்லி 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, இந்தப் பெயரையும் தொட வேண்டியிருந்தது. செய்தித்தாளில் ‘பிரபல ரவுடி’ என்றும் ‘சமூக விரோதி’ என்றும் வரும் சொற்களைக் கவனிப்போருக்கு, காலம் காட்டாத பெயர்ச்சொல்லின் ஆற்றல் புரியும். அச்சொல் வந்தபின் அவர் என்ன செய்தார் என்று எவரும் கேட்பதில்லை. டாமின் கோட்பாட்டைப் படிக்காதவர்களும் அதன்படி எழுதுகிறார்கள். அதனாலேயே அக்கோட்பாட்டின் வரலாறு தெரிந்திருக்க வேண்டியதாகிறது.

கேட்கப்படுவது டாமின் நூல்களை எரிப்பதன்று. எரித்தவர்கள் யார் என்பதும் 1933இன் வரலாற்றில் இருக்கிறது. இடைக்கால இத்தாலியின் குற்றவியல் சட்டம் பற்றி அவர் எழுதிய ஆய்வு மேற்கோளுக்குத் தகுமெனில் மேற்கோள் காட்டப்படட்டும். கேட்கப்படுவது எளிய இலக்கணத் திருத்தம். வாழ்க்கைக்குறிப்பு எழுதுவோர் செயப்பாட்டுவினையைக் கைவிட்டு, எழுவாயைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ‘1933இல் கீலுக்கு அழைக்கப்பட்டார்’ என்ற இடத்தில், ‘1933இல் அரசு யூதப் பேராசிரியர்களையும் குடியரசு ஆதரவாளர்களையும் நீக்கிய கீல் சட்டப்புலத்தில், அவ்வரசு தேர்ந்தெடுத்த புதியவர்களுள் ஒருவராகப் பதவியேற்றார்’ என்று எழுத வேண்டும். ‘போருக்குப் பின் டாக்கா’ என்ற இடத்தில், ஏன் டாக்கா என்று எழுத வேண்டும். டாம் தம் எதிரிகளுக்கு மறுத்த நீதி இது ஒன்றே: ஒருவரை அவர் இன்னார் என்று சொல்லித் தீர்ப்பெழுதாமல், அவர் செய்ததைச் செய்தார் என்று, காலமும் இடமும் காட்டி எழுதுவது. அந்த நீதியை அவருக்கும் வழங்க வேண்டும், முழுமையாக.